கையெழுத்துப் போட்டால் கதை முடிந்ததா?

சென்ற வாரம் சிங்காநல்லூர் மில் தோழர் ஒருவர், இரவு ஷிப்ட் முடிந்த கையோடு நமது காரியாலயத்துக்கு வந்தார். கையில் ஒரு பார்சல் ரசீது. செல்போனில் நாலைந்து படங்கள். படத்தில் ஒரு தையல் மிஷின். தலைப்பாகம் பிளந்து, கால்மிதி வளைந்து, பழைய இரும்புக்குப் போடும் நிலையில் கிடக்கிறது.

மன்னார்குடிப் பக்கம் விவசாயக் கூலிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட மகளுக்காக, 8,500 ரூபாய் கொடுத்து அவர் வாங்கிய மிஷின் அது. நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் ரவிக்கை தைத்தாவது நாலு காசு பார்க்கட்டும் என்பது தகப்பனாரின் எண்ணம். ஒரு லாரிப் பார்சல் கம்பெனியில் 380 ரூபாய் கட்டி அனுப்பினார். இரண்டு நாளில் போய்ச் சேரும் என்றார்கள். பன்னிரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தது, இந்தக் கோலத்தில்! நியாயம் கேட்கப் போனவருக்குக் கம்பெனி குமாஸ்தா ரசீதைத் திருப்பிக் காட்டினார். சேதம் ஏற்பட்டால் கம்பெனியின் பொறுப்பு நூறு ரூபாய்க்கு மேல் இல்லை என்று எறும்பு ஊர்ந்ததுபோல அச்சடித்திருக்கிறது. கீழே நமது தோழரின் கையெழுத்து.

"கையெழுத்துப் போட்டுட்டேனுங்களே தோழர், இனி என்ன பண்ண முடியும்?" என்றார்.

இந்த வார்த்தை நம் வாயிலிருந்து வரவேண்டும் என்றுதான் கம்பெனிகள் காத்திருக்கின்றன. 8,500 ரூபாய்க்காக ஒரு கூலிக்காரன் வேலையை விட்டுவிட்டு அலையமாட்டான் என்பது அவர்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கு.

கையெழுத்துக்குப் பலமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த ஒரு வழக்கு உண்டு. ஒரு பின்னலாடைக் கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பிய சரக்கின் தஸ்தாவேஜுகளைக் கூரியர் கம்பெனி உரிய காலத்தில் சேர்க்கவில்லை. சீஸன் கடந்துவிட்டது. வாங்கியவர் பணத்தைக் குறைத்துக்கொண்டார். மாநிலக் கமிஷன் 4 லட்சம் ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு தரச் சொல்லிற்று. தேசியக் கமிஷனும் அதன்பின் சுப்ரீம் கோர்ட்டும், அனுப்பியவர் கையெழுத்திட்ட படிவத்தில் 100 டாலர் என்று இருக்கிறது, அவ்வளவுதான் என்றுவிட்டன. ஏற்றுமதி செய்யும் முதலாளிக்கே இந்தக் கதி!

ஆனால் நமது தோழரின் சரக்கு உள்நாட்டில், லாரியில் போனது. அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து 1865-ஆம் வருஷச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2007-ல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வீடு சேர்க்கும் கூரியர் கம்பெனிகளும் இதற்குள் அடக்கம். சரக்கு உடைந்தாலோ தொலைந்தாலோ, கம்பெனியின் அஜாக்கிரதையால்தான் அப்படி ஆயிற்று என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. எங்கே விழுந்தது, யார் போட்டார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? இது நமக்குச் சாதகமான ஷரத்து.

பாதகமான ஷரத்தும் இருக்கிறது. கூடுதல் கட்டணம் கட்டி அனுப்பாத சரக்குக்கு, வாங்கிய கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரைதான் கம்பெனியின் பொறுப்பு என்று 2011-ஆம் வருஷ விதிகள் வரம்பு கட்டுகின்றன. அதாவது நமது தோழருக்கு 3,800 ரூபாய். சட்டம் 3,800 என்கிறது. கம்பெனியோ தானே ஒரு சட்டம் போட்டு 100 என்று அச்சடித்துக் கொள்கிறது!

அந்த 3,800-ம் நியாயமான தொகையா? மிஷினின் விலையில் பாதிகூட இல்லையே. பார்சல் படிவத்தில் சரக்கின் மதிப்புக்கு ஒரு கட்டம் உண்டு. நமது தோழரின் ரசீதில் அது காலியாக இருக்கிறது. "இங்கே ஒரு கையெழுத்து" என்று விரலை வைத்துக் காட்டிய குமாஸ்தா, "என்ன மதிப்பு?" என்று கேட்கவில்லை. மதிப்பை எழுதிக் கூடுதல் கட்டணம் கட்டினால் முழு நஷ்டத்தையும் கேட்கலாம் என்றும் சொல்லவில்லை. இதைக் கேட்டு எழுதுவது கம்பெனியின் கடமை, கேட்காவிட்டால் வரம்பு செல்லாது என்று விதியைத் திருத்தவேண்டும் என்கிறோம் நாம். சர்க்கார் இந்த விஷயத்தில் நல்ல உதாரணம் காட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2023-ல் நிறைவேறிய தபால் சட்டம், விதிகளில் குறிப்பிட்டதற்கு மேல் தபால் இலாகாவுக்குப் பொறுப்பு கிடையாது என்று கைகழுவிக் கொண்டது.

தோழருக்கு ஆத்திரம் மூட்டையை இறக்கிய பையன் மேல். அது வேண்டாம் என்றோம். மூட்டைக் கணக்கில் கூலி, ராத்திரியோடு ராத்திரியாக லாரி காலியாக வேண்டும் என்று மேஸ்திரியின் விரட்டல். அவனும் நம்மைப்போல் ஒரு கூலிக்காரன். அவன் சம்பளத்தில் பிடித்தம் செய்து நமக்குக் கொடுப்பதானால் அந்தப் பணம் நமக்கு வேண்டாம்.

கம்பெனியின் மேல் பிராது கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்கவேண்டும், அதுவும் சரக்கைப் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள். "பார்க்கலாம், மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்" என்று குமாஸ்தா இழுத்தடிப்பதெல்லாம் இந்தக் கெடு தாண்டட்டும் என்றுதானோ என்னவோ! பிறகு ஜில்லா நுகர்வோர் கமிஷனில் மனு. கம்பெனியின் தலைமை ஆபீஸ் டில்லியிலோ பம்பாயிலோ இருக்கட்டும். நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஜில்லாவிலேயே மனுப் போட 2019-ஆம் வருஷச் சட்டம் இடம் கொடுக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. வக்கீல் கட்டாயமில்லை. உடைந்த பொருளுக்கு மட்டுமல்லாமல், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேட்கலாம். மனுப் போட இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. 1915 என்ற நம்பருக்குப் போன் செய்தும் புகாரைப் பதியலாம். சில கம்பெனிகள் அந்த மட்டிலேயே இறங்கி வருவதுண்டு.

மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்கவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. நடப்பிலோ வாய்தா மேல் வாய்தா. ஒரு வாய்தாவுக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. வக்கீலை வைத்திருக்கும் கம்பெனிக்கு இது தெரியும். ஆகவே இதைத் தனியாளாகச் சுமக்கக் கூடாது என்பது நமது அபிப்பிராயம். மனு எழுதித் தரவும், வாய்தா நாளில் துணைக்குப் போகவும் சங்கக் காரியாலயங்கள் முன்வர வேண்டும். ஒரே கம்பெனியிடம் ஏமாந்த பத்துப் பேரின் ரசீதுகள் ஒரு மேஜைமேல் சேர்ந்தால், அந்தக் கம்பெனி மானேஜர் நம்மைத் தேடி வருவார்.

இனி பார்சல் போடும் தோழர்கள் மதிப்புக் கட்டத்தை நிரப்பாமல் கையெழுத்துப் போடவேண்டாம். சரக்கைப் பெறும்போது கட்டைப் பிரிக்குமுன்பும் பிரித்தபின்பும் படம் எடுங்கள். உடைந்திருந்தால் அதை எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

சிங்காநல்லூர் தோழரின் நோட்டீஸ், நமது காரியாலய மேஜையில் எழுதப்பட்டு, திங்கட்கிழமை ஸ்பீடு போஸ்டில் போயிற்று. சரக்கைப் புக் செய்து அன்றைக்கு 41-வது நாள்.