இலவசம் வேறு, உரிமம் வேறு



“இணையத்தில் இலவசமாகத்தானே கிடைக்கிறது; எடுத்துச் சேர்த்துக்கொண்டால் என்ன?” ஆசிரிய நண்பர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

இணையவழிக் கற்பித்தலுக்குப் பயன்படும் மூடுல், ஒரு திறந்தமூல மென்பொருள். ஜிபிஎல் உரிமத்தின் 3ஆம் பதிப்பின்கீழ் அது வழங்கப்படுகிறது. அதற்கான செருகுநிரலை எவரும் எழுதலாம். ஆனால், மூடுலின் செருகுநிரல் திரட்டில் அது இடம்பெற வேண்டுமாயின், அதனுள் இருக்கும் பிறருடைய நிரல்கள், படங்கள் அனைத்தும் அவ்வுரிமத்தோடு பொருந்த வேண்டும்.

எல்லாத் திறந்த உரிமங்களும் ஒன்றோடொன்று பொருந்துவன அல்ல. எம்ஐடி உரிமம் பெற்ற நிரல் பொருந்தும். அப்பாச்சி 2.0 உரிமமோ, 2007இல் வெளிவந்த ஜிபிஎல் 3உடன் பொருந்தும். 1991இல் வெளிவந்த ஜிபிஎல் 2உடன் பொருந்தாது. ‘வணிகமற்ற பயன்பாட்டிற்கு மட்டும்’ என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் படங்களும் பொருந்தா. காரணம், ஜிபிஎல் விற்பதற்கும் இசைவு தருகிறது. அதன்மேல் புதிய தடை எதனையும் விதிக்கவியலாது.

நானும் நண்பர் ஒருவரும் எழுத்துப் பயிற்சிக்கான செருகுநிரல் ஒன்றை உருவாக்கினோம். வெளியிடும் வேளையில்தான் படங்களின் உரிமத்தைப் பார்த்தோம். பெரும்பாலானவை வணிகத் தடை உடையவை! அத்தனை படங்களையும் மீண்டும் வரைய வேண்டியதாயிற்று. பிழை எங்களுடையதே.

“எங்கள் பள்ளிக்குள் மட்டுந்தானே பயன்படுத்துகிறோம்?” எனலாம். உண்மைதான், பிறருக்கு வழங்காதவரை ஜிபிஎல் நிபந்தனைகள் நம்மைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும், நல்ல பயிற்சி ஒரு பள்ளியோடு நிற்குமா? அடுத்த பள்ளி ஆசிரியர் கேட்டால் மறுப்போமா? அவர் கைக்குச் செல்லும் அந்நொடியே உரிமம் பேசத் தொடங்கிவிடும்.

ஆகவே, உரிமச் சரிபார்ப்பு இறுதி நாள் வேலையன்று. முதல் நாள் வேலை. பிறர் நிரலைச் சேர்க்கும்போதே அதன் பெயர், பதிப்பு, உரிமம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். மூடுலும் இத்தகைய பட்டியலைச் செருகுநிரலோடு இணைக்கச் சொல்கிறது. படங்களுக்கும் அதுபோன்ற குறிப்பு ஒன்றை நாமே வைத்துக்கொள்வது நலம்.

பார்த்தெழுதும் மாணவனைக் கண்டிக்கிறோம். பிறர் உழைப்பை எடுத்தாளும்போது, அவர் விதித்த நிபந்தனையைப் படித்துப் பார்ப்பது நம் கடமையன்றோ?

சிந்திப்போம்.