இடிப்பதும் குத்துவதும்

என் அண்ணன் மகள் கல்லூரியில் ஸ்பானிஷ் பாஷை படிக்கிறாள். சென்ற வாரம் அடுக்களைக்கு வந்து, "அத்தை, இன்றைக்கு 'மச்சகார்' என்று ஒரு வினைச்சொல் படித்தோம். பூண்டை உரலில் நசுக்குவதற்கும் அதுதான். சொன்னதையே சொல்லிப் பிராணனை வாங்குவதற்கும் அதுதான். பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிப்பதற்கும் அதுதான். வேடிக்கையான பாஷை!" என்றாள்.

"நம் பாஷை மட்டும் என்னவாம்?" என்றேன்.

நெல்லைக் குத்துகிறோம், மாவை இடிக்கிறோம். மாற்றிச் சொன்னால் வீட்டுக் கிழவிகள் சிரிப்பார்கள். உமி நீங்கி அரிசி முழுசாக வர வேண்டும் என்றால் குத்தல். பொடியாக வேண்டும் என்றால் இடித்தல். உலக்கை என்னவோ ஒன்றுதான். சிலப்பதிகாரத்து வள்ளைப் பாட்டில் நம் மதுரைப் பெண்கள் பவழ உலக்கையால் முத்துக் குற்றுகிறார்கள், தெரியுமோ? புகார்ப் பெண்களுக்குக் கரும்புதான் உலக்கை. ஊரை எரித்த கதையைச் சொன்ன பிறகும் இளங்கோவடிகள் மதுரைக்குக் குறை வைக்கவில்லை!

இந்தச் சொற்கள் அடுக்களையை விட்டுக் கூடத்துக்கு வந்தால்தான் வம்பு. 'இடித்துச் சொல்வது' நம் நன்மைக்காக முகத்துக்கு நேரே கண்டிப்பது. அப்படி இடிப்பவர்கள் அரசனுக்கே வேண்டும் என்கிறார் வள்ளுவர். 'இடித்துக் காட்டுவது' பழைய கணக்கைக் கிளறுவது.

எங்கள் தெருவில் ஒரு மருமகள் தீபாவளிக்கு அதிரசம் சுட்டாள். எண்ணெயில் பிரிந்துவிட்டது. "ஈர அரிசியை உரலில் இடித்திருக்க வேண்டும். மிக்ஸியில் போடலாமா?" என்று மாமியார் சத்தம் போட்டார். மருமகள் அன்று அழவில்லை. பொங்கலுக்கு உறவினர் வந்தபோது, "எங்கள் வீட்டு அதிரசத்தைக் கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட வேண்டும்" என்று சிரித்தாராம். அன்று மாலையே அவள் பிறந்த வீட்டுக்குப் பெட்டியைக் கட்டிவிட்டாள். பிள்ளையாண்டான், பாவம், மத்தளம். இரண்டு பக்கமும் இடி. இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

நான்தான் துணிந்து, "அக்கா, நீங்களே போய் அழைத்து வரக்கூடாதா?" என்றேன். அவர் முகவாயைத் தோளில் ஓர் இடி இடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலையில் அவர்கள் வீட்டுப் பின்கட்டில் உலக்கைச் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள், தூக்குப் பாத்திரத்தோடு திருமங்கலம் பஸ் ஏறினார்.