ஒத்துவராத அளவு

மூன்றாம் ஆண்டு, வேதியியல்

பியூரெட்டின் முன் நிற்கும் நம்மில் எத்தனை பேர் கண்ட அளவை அப்படியே எழுதுகிறோம்? முதல் முறை 19.9, அடுத்த முறை 19.6 என்று வந்தால், 19.9-ஐ அழித்து அதையும் 19.6 ஆக்கிவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன். மதிப்பெண்தானே என்று எண்ணினேன். அது தவறென்று எனக்கு உணர்த்தியது ஒரு தடுப்பூசியின் கதை.

2021-இல் எங்கள் தெருவில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது கோவிஷீல்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய தடுப்பூசி அது. சிம்பன்சிக்குச் சளி உண்டாக்கும் வைரஸ் ஒன்றில், பெருகுவதற்கான மரபணுவை நீக்கி, கொரோனாவின் கூர்ப்புரத மரபணுவை ஏற்றியிருக்கிறார்கள். வைரஸ் இங்கே வெறும் வண்டி. ஓர் ஊசியில் 5,000 கோடி வைரஸ் துகள்கள் இருக்கவேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது. உயிரணுவுக்குள் புகும் திறன் எத்தனை துகள்களுக்கு உண்டு? பெருகக்கூடிய வைரஸ் ஏதேனும் தப்பி வந்ததா? வேறு கிருமி கலந்ததா? இத்தனையும் சோதிக்கவேண்டும். நம் நாட்டில் கசௌலி போன்ற இடங்களிலுள்ள மத்திய அரசின் ஆய்வகம் சான்று தந்த பிறகே தடுப்பூசித் தொகுதிகள் வெளிவருகின்றன.

2020-இல் இத்தடுப்பூசியை மனிதர்களிடம் சோதித்தபோது, இத்தாலியிலிருந்து வந்த ஒரு தொகுதிக்கு இரண்டு அளவுகள் கிடைத்தன. தயாரித்தவர்கள் மரபணுவைக் கொண்டு எண்ணினார்கள். ஆக்ஸ்போர்டார் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து எண்ணினார்கள். துகள்கள் கூடுதலாகத் தெரிந்தன. அதை நம்பி ஊசியின் அளவைக் குறைத்தார்கள். உண்மையில், மருந்திலிருந்த பாலிசார்பேட் 80 என்ற சேர்மம் ஒளி அளவீட்டில் குறுக்கிட்டிருந்தது. ஆகவே பலருக்குப் பாதி மருந்தே போயிற்று! பின்னர் காரணத்தைக் கண்டறிந்து, அளக்கும் முறையை மாற்றினார்கள். நம்மைப்போல் ஓர் எண்ணை அழித்திருந்தால் அந்தக் காரணம் வெளிப்பட்டிருக்குமா?

"கொள்ளைநோய்க் காலத்தில் இவ்வளவு சோதனை எதற்கு? காலம்தானே வீண்?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஆலையில் 2021-இல் நடந்ததை அவர்களுக்குச் சொல்வேன். ஜான்சன் அண்டு ஜான்சன் தடுப்பூசிக்கான மருந்தில், அதே ஆலையில் தயாரான ஆக்ஸ்போர்டு தடுப்பூசியின் வைரஸ் கலந்துவிட்டது. ஏறத்தாழ 1.5 கோடி ஊசிகளுக்கான மருந்து பாழாயிற்று. ஆனால் குப்பிகளில் அடைக்குமுன்பே தரச் சோதனை அதைக் காட்டிக்கொடுத்தது. பாழானது மருந்து, பிழைத்தது மக்களின் நம்பிக்கை.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை மருந்து ஆலைகளிலும் அரசு ஆய்வகங்களிலும் தரம் பார்க்கும் பணிக்குப் போவோம். இங்கே 19.9-ஐ அழிக்கப் பழகிய கை, அங்கே மட்டும் நடுங்குமா?

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஒத்துவராத அளவை மறைக்காமல் எழுதிக் காரணம் தேடும் மாணவனுக்கும் மதிப்பெண் தாருங்கள். அந்தச் சில மதிப்பெண்களில் ஒரு நல்ல சோதனையாளன் உருவாகக்கூடும்.