முதலில் செலவு, பிறகு மானியம்: நமக்கு வழி என்ன?

ஏற்றுமதி என்றால் என்னவென்று நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நாம் வெட்டிய பால்தான் கப்பலேறி உலகைச் சுற்றியது. ஆனால் ஏற்றுமதிக்காரர் பட்டியலில் நம் பெயர் இருந்ததில்லை.

ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபின், ஜொகூரில் எத்தனையோ குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறின. அவற்றுள் முறுக்கும் ஊறுகாயும் மசாலைத்தூளும் செய்து பிழைக்கும் தாய்மார் உண்டு. பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர்ச் சந்தை. ஆயினும் அவர்கள் சரக்கு பக்கத்துப் பட்டணத்தோடு நின்றுவிடுகிறது.

“அரசாங்கம்தான் உதவுகிறதே!” என்பர் சிலர். உண்மைதான். வெளிநாட்டு வாணிபத்தை வளர்க்க 1993-இல் மட்ரேட் கழகம் அமைந்தது. 2002-இல் சந்தை மேம்பாட்டு மானியம் வந்தது. அயல்நாட்டுக் கண்காட்சியில் கடை போடவும், அங்குள்ள பேரங்காடிகளில் சரக்கை இடம்பெறச் செய்யவும் ஆகும் செலவுக்கு இது உதவுகிறது. ஒரு நிறுவனம் தன் ஆயுளில் 300,000 வெள்ளி வரை பெறலாம்.

ஆனால், தோழர்களே, ஒரு விதியைக் கவனியுங்கள். முதலில் நம் கைப்பணத்தைச் செலவிட வேண்டும். பிறகு ரசீதுகளைக் காட்டித் திரும்பப் பெற வேண்டும். கையில் பணமுள்ளவனுக்கு இது சலுகை. அன்றாடச் சம்பாத்தியத்தில் அடுப்பெரிப்பவளுக்கு இது பூட்டிய கதவு. 1991 முதல் வழங்கப்பட்டு வரும் தொழில்துறைச் சிறப்பு விருதும், ஏறி முடித்தவருக்கு இடப்படும் மாலையே. மாலையை நாம் பழிக்கவில்லை. முதற்படியில் நிற்பவளுக்கு ஒரு கை வேண்டும் என்கிறோம்.

ஆகவே நாம் கேட்பது இது: முதன்முறை ஏற்றுமதி செய்யும் சிறு தொழிலுக்கு, தக்க சோதனைக்குப் பின், மானியத்தில் ஒரு பகுதியை முன்பணமாகத் தர வேண்டும். பொதுப்பணம் வீணாகும் என்ற அச்சம் நியாயமே. அதற்குச் சோதனையைக் கடுமையாக்கலாம். ஏழையை வாசலிலேயே நிறுத்தலாகாது.

கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதும் நம் வழக்கமல்ல. இந்த மானியத்துக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் விண்ணப்பிக்கலாம். தனி ஒருத்தியால் முடியாத முதற்செலவு நூறு குடும்பம் சேர்ந்தால் முடியும். இது கனவல்ல. தோட்டத் துண்டாடலால் நம் மக்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டனர். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அவர்களுக்குச் சொந்தமாயிற்று. பால்வெட்டியவனே தோட்டத்தின் பங்குதாரன் ஆனான். தோட்டமே வாங்கிய கைகளுக்கு ஒரு கண்காட்சிக் கடை பெரிதா?

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. மானியம் ரசீதிலும் கணக்கிலும் நிற்கிறது. செக்ரோல் எழுதிப் பழகிய உங்கள் கைக்கு அது எளிது. நம் பெண்களின் சரக்குக் கணக்கையும் விண்ணப்பத்தையும் வாரத்தில் ஒரு மாலை உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். நேற்று நம் உழைப்பு பிறர் பெயரில் கப்பலேறியது. நாளை ஒரு பெட்டியேனும் நம் பெயரில் ஏறட்டும்.