வாசிப்பதும் ஒப்பிப்பதும்

“எங்கள் பையன் தமிழ்ப் புத்தகம் முழுவதையும் தங்குதடையின்றி வாசிக்கிறான்” என்று பெற்றோர் பெருமையுடன் சொன்னால் உபாத்தியாயருக்கு ஆனந்தமாய்த்தான் இருக்கும். கூடவே ஒரு சந்தேகமும் எழும். பையன் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறானா, கூரையைப் பார்த்து வாசிக்கிறானா? விரல் முதல் வரியில் நிற்கும்போதே வாய் மூன்றாவது வரிக்குப் போய்விடுகிறது. புத்தகத்தை மூடினாலும் பாடம் நிற்பதில்லை! ஞாபக சக்தி மெச்சத்தக்கதே. ஆனால் அது வாசிப்பு அல்ல.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பாடத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, “இது என்ன?” என்று கேளுங்கள். பிறகு ‘மரம்’, ‘படம்’ என்று படித்த குழந்தைக்கு ‘டபரம்’ என்று அர்த்தமற்ற ஒரு சொல்லை எழுதிக் காட்டுங்கள். சிரித்துக்கொண்டே அதைச் சரியாகச் சொன்னால் குழந்தை வாசிக்கிறது. விழித்தால், ஒப்பிக்கிறது.

நம் எழுத்துக்கள் 247 என்றதும் பலர் மலைத்துப் போகிறார்கள். 247 உருவங்களையும் தனித்தனியே மனனம் செய்ய வேண்டியதில்லை. 12 உயிரும், 18 மெய்யும், அவை சேரும் முறையும் பிடிபட்டால் 216 உயிர்மெய்களில் பெரும்பகுதி தாமாகவே வந்துவிடும். ‘கி’, ‘மி’ இரண்டையும் அறிந்த குழந்தை ‘ளி’யைத் தானே கண்டுபிடிக்கும். கஷ்டம் சில இடங்களில்தான் இருக்கிறது. ‘கு’, ‘சு’, ‘து’, ‘ணு’ என்று உகர வரிசை ஆளுக்கொரு வேஷம் போடுகிறது. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது. ஓசையோ பின்னால் வருகிறது. ‘கொ’விலோ குறி இரு பக்கமும் நிற்கிறது, துணைக்காலை ‘ர’ என்று எண்ணி ‘கெர’ என்று வாசிக்கும் குழந்தை மந்தமல்ல, கண்ணில் பட்டதை நேர்மையாகச் சொல்லுகிறது. அதற்குக் கோபம் மருந்தாகாது. நாலைந்து நாள் பழக்கமே மருந்து.

பழக்கத்திற்குக் கையும் உதவும். சென்னையில் அனாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். தம் முறையைப் பற்றி 1797-ல் லண்டனில் புத்தகமும் வெளியிட்டார். விரல் எழுத, வாய் சொல்ல, கண் பார்க்க, மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

எழுத்துக்கள் தெரிந்துவிட்டால் போதுமா? போதாது. ‘கடல்’, ‘அகம்’, ‘சங்கு’ என்ற மூன்று சொற்களிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. குழந்தை தடுமாறாததற்குக் காரணம், அந்தச் சொற்கள் முன்பே அதன் காதில் இருப்பதுதான். வீட்டில் ‘வந்துட்டான்’ என்று கேட்ட குழந்தை, புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’ என்பதைக் காண்கிறது. ஏட்டுத் தமிழைக் காதால் கேட்டிராத குழந்தைக்கு அது பாதி அந்நிய பாஷையே. எழுத்தைப் பள்ளிக்கூடம் கற்பிக்கும். அந்தப் பாஷையின் ஓசையை வீடுதான் முதலில் ஊட்ட வேண்டும்.

எனவே, இரவில் கால் மணி நேரம் குழந்தைக்குக் கதை வாசித்துக் காட்டுங்கள். வரியின் கீழ் விரல் ஓடட்டும். பிறகு நீங்கள் ஒரு வரி, அது ஒரு வரி. நேற்று வாசித்த கதையையே இன்றும் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். எழுத்தெழுத்தாகக் கூட்டும் குழந்தை வரியின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிடும். திரும்பத் திரும்ப வாசிப்பதால்தான் வேகம் வரும். வேகம் வந்தபின்தான் பொருளை எண்ண மனத்துக்கு ஓய்வு கிடைக்கும்.

இதில் அசட்டை கூடாது. மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகள் வாசிக்கக் கற்கிறார்கள்; அதற்கு மேல் வாசித்துத்தான் கற்க வேண்டும். கணக்கும் சரித்திரமும் வாசிக்கத் தெரியாதவனுக்காகக் காத்திருப்பதில்லை. கொள்ளை நோயால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022-ல் தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை முதல் மூன்று வகுப்புகளுக்கென்றே தொடங்கியதும் இதனால்தான்.

எட்டு வயதாகியும் எழுத்து பிடிபடவில்லையானால் பிரம்பைத் தேடாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். அவை நன்றாயிருந்தும் சில குழந்தைகளுக்கு வாசிப்பு மட்டும் வராது. இது சோம்பல் அல்ல. 2016-ம் ஆண்டுச் சட்டமே இதை ஒரு குறைபாடாக ஏற்று, உதவிக்கு வழி செய்திருக்கிறது.

அடுத்த முறை விருந்தினர் வரும்போது, “பாடத்தை ஒப்பி” என்று குழந்தையை நிறுத்தி வைக்காதீர்கள். அது இதுவரை காணாத ஒரு சிறு கதையைக் கையில் கொடுங்கள். தட்டுத் தடுமாறி நாலு வரி வாசித்தாலும், மெய்யாகவே பெருமைப்பட வேண்டிய நாலு வரி அவைதான்.