எத்தனை சதவீதம் என்று சொல்லுங்கள்

2024 நவம்பர் 28. வங்கக்கடலில் சுழன்றுகொண்டிருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெறாமலேயே கரையைக் கடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. மறுநாளே அது புயலானது; ஃபெஞ்சல் என்று பெயரும் பெற்றது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. புதுச்சேரியில் 46 செ.மீ.க்கும் மேல், மயிலத்தில் 50 செ.மீ.க்கும் மேல் மழை. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மண்சரிவு வீட்டோடு ஏழு உயிர்களை மூடியது. அவர்களில் ஐவர் குழந்தைகள். கடலுக்கு வெகு தொலைவிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் விடியும்போது தண்ணீருக்குள் இருந்தன.

அதன் பிறகு நடந்தது நமக்குப் பழகிப்போன சண்டை. வானிலை மையம் சரியாகச் சொல்லவில்லை என்றது ஒரு தரப்பு. சொன்னதைக் கேட்டு அரசு செயல்படவில்லை என்றது மறுதரப்பு. இரண்டு தரப்புமே கேட்கத் தவறிய கேள்வி ஒன்று உண்டு. அந்த நவம்பர் 28 அன்று, இந்தத் தாழ்வு மண்டலம் புயலாக மாற எத்தனை சதவீத வாய்ப்பு இருந்தது? உலகின் முக்கிய வானிலைக் கணினி மாதிரிகள் அன்று ஒருமித்து எதையும் சொல்லவில்லை. சில வலுவடையும் என்றன, சில வலுவிழக்கும் என்றன. அந்தக் கருத்து வேறுபாடுதான் அன்றைய உண்மையான செய்தி. மக்களிடம் வந்து சேராதது அதுதான்.

புயல் எங்கே போகும் என்று கணினி ஒரே முறை கணக்குப் போட்டு ஒரே விடை சொல்லும் காலம் மலையேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1960களின் தொடக்கத்திலேயே வானிலை அறிவியலாளர் எட்வர்ட் லோரன்ஸ், தொடக்க அளவில் தசமப் புள்ளிக்குப் பின் சில இலக்கங்கள் விடுபட்டாலே வானிலைக் கணக்கின் முடிவு தலைகீழாகிவிடும் என்று காட்டினார். கடலின் நடுவே காற்றையும் ஈரத்தையும் நாம் துல்லியமாக அளந்துவிட முடியாது. ஆகவே ஒரு கணக்கை மட்டும் நம்பக் கூடாது. தொடக்க அளவுகளைச் சிறிது சிறிதாக மாற்றி, அதே கணக்கைப் பல முறை ஓட்ட வேண்டும். விடைகள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தால் துணிந்து சொல்லலாம். சிதறினால் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும். ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் 1992 முதல், கூட்டுக் கணிப்பு எனப்படும் இதைச் செய்துவருகிறது. இன்று அது ஒவ்வொரு முறையும் 51 கணிப்புகளை ஓட்டுகிறது.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. ஒரே மாதிரியை ஐம்பது முறை ஓட்டினாலும் அந்த மாதிரியின் பிறவிக் கோளாறு ஐம்பதிலும் இருக்கும். இதற்கு விடை தேடியவர்களில் முன்னோடி நம் மண்ணில் பிறந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1932இல் சென்னையில் பிறந்து, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக வாழ்ந்து 2018இல் மறைந்த டி.என்.கிருஷ்ணமூர்த்திதான் அவர். வெவ்வேறு நாடுகளின் மாதிரிகளை ஒன்றுசேர்த்து, ஒவ்வொன்றும் கடந்த காலத்தில் எங்கே எவ்வளவு தவறியது என்று பார்த்து, அதற்கேற்ப அதன் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கும் முறையை அவரும் அவருடைய மாணவர்களும் வகுத்தார்கள். அது 1999இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. பல மாதிரிகளின் கூட்டு விடை, அவற்றில் தனியொரு மாதிரியின் விடையைவிடப் பெரும்பாலும் மேலானது என்பது அதன் பிறகு திரும்பத் திரும்ப உறுதிப்பட்டிருக்கிறது. வடஇந்தியப் பெருங்கடலின் புயல்களுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையும் பல மாதிரிகளைச் சேர்த்தே பாதையைக் கணிக்கிறது.

கருவி இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. 2018இல் பிரத்யூஷ், மிஹிர் என்ற இரண்டு மீக்கணினிகள் வந்தன. அதே ஆண்டு 12 கிலோமீட்டர் நுணுக்கத்தில், ஒவ்வொன்றும் இருபதுக்கும் மேற்பட்ட கணிப்புகளைத் தரும் இரண்டு கூட்டுக் கணிப்பு முறைகள் நாட்டில் செயல்படத் தொடங்கின. 2024 செப்டம்பரில் சுமார் 850 கோடி ரூபாயில் அர்கா, அருணிகா என்ற புதிய கணினிகள் தொடங்கிவைக்கப்பட்டன. பொதுமக்கள் பணத்தில் நாள்தோறும் பல பத்துக் கணிப்புகள் தயாராகின்றன. கடைசியில் கடலூர்க்காரருக்கும் நாகப்பட்டினத்துக்காரருக்கும் கிடைப்பது வரைபடத்தில் ஒரு கோடும், “வாய்ப்புள்ளது” என்ற ஒரு சொல்லும்தான்.

அந்தச் சொல்லைச் சற்று உற்றுப் பார்ப்போம். வானிலைத் துறையின் ஆங்கில அறிக்கைகளின் அடிக்குறிப்பில் ஒரு படிநிலை இருக்கிறது. 25 சதவீதத்துக்குக் கீழே ஒரு சொல், 25 முதல் 50 வரை இன்னொன்று, 50 முதல் 75 வரை வேறொன்று, அதற்கு மேல் மற்றொன்று. தமிழுக்கு வரும்போது பெரும்பாலும் எல்லாமே “வாய்ப்புள்ளது” அல்லது “பெய்யக்கூடும்” என்று ஆகிவிடுகின்றன. முப்பது சதவீதத்தையும் எழுபது சதவீதத்தையும் ஒரே சொல்லில் கேட்கிறவர் எதை வைத்து முடிவெடுப்பார்? கூட்டுக் கணிப்பு வரைபடங்கள் இணையதளத்தில் இருக்கின்றனவே என்று சொல்லலாம். இருக்கின்றன, ஆங்கிலத்தில், துறை அறிந்தவர்கள் படிக்கும் வடிவில்.

மழையின் அளவைச் சொல்லும் சொற்களிலும் இதே சிக்கல். ஒரு நாளில் சுமார் 20.5 செ.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. அதற்கு மேல் அளவால் வரையறுத்த படி கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. 21 செ.மீ.யும் அதி கனமழை, 95 செ.மீ.யும் அதி கனமழை. அதி கனமழை என்று முன்பே சொன்னோம் என்றது மத்திய அரசுத் தரப்பு. இவ்வளவு பெய்யும் என்று யாரும் சொல்லவில்லை என்றது மாநிலத் தரப்பு. இரண்டும் உண்மைதான். தாமிரபரணிக் கரையில் மூழ்கிய வீடுகளுக்கு அந்த உண்மையால் எந்தப் பயனும் இல்லை. சராசரி விடையை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு இத்தகைய மழை தெரியாது. ஐம்பது கணிப்புகளில் நான்கைந்து மட்டும் கண்ணைக் கட்டும் அளவுக்கு மழையைக் காட்டும். அந்த நான்கைந்தையும் சொல்லுங்கள் என்பதுதான் நமது கோரிக்கை.

பாதைக்கும் இது பொருந்தும். பாதிக் கணிப்புகள் புயல் வடக்கே திரும்பும் என்றும் மீதிப் பாதி தெற்கே இறங்கும் என்றும் சொன்னால், சராசரிக் கோடு இரண்டுக்கும் நடுவே, எந்தக் கணிப்பும் சொல்லாத ஊரின் மேல் போய் விழும். 2018 நவம்பரில் கஜா புயல் முதலில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று சொல்லப்பட்டது. கடைசியில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்து பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. கணிப்பு மாறியதில் குற்றமில்லை. கரையைத் தொடும் முன்பே திருத்தமும் வந்தது. முதல் நாளிலேயே “தெற்கே இறங்கவும் இத்தனை சதவீத வாய்ப்பு உண்டு” என்று சொல்லியிருந்தால் டெல்டாவுக்குக் கூடுதல் நாட்கள் கிடைத்திருக்கும்.

சதவீதம் சொன்னால் மக்கள் குழம்புவார்கள் என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். இதை நாம் ஏற்கவில்லை. சம்பா வயலில் இன்று மேலுரம் இடுவதா, நாளை மழை கரைத்துவிடுமா என்று முடிவெடுக்கிற விவசாயி, வாழ்நாள் முழுக்க வாய்ப்புகளை எடைபோட்டுத்தான் பிழைக்கிறார். பல நாள் தங்கல் மீன்பிடிப்புக்குக் கடலுக்குள் போகிற படகுக்காரரும் அப்படியே. அவர்களுக்குப் புரியாது என்று முடிவு கட்டுவது அவர்களை அறியாதவர்களின் பேச்சு. ஒருநாள் “புயல் இல்லை”, மறுநாள் “புயல்” என்பதுதான் குழப்பம். முதல் நாள் நாற்பது, மறுநாள் எழுபது என்பதில் என்ன குழப்பம்?

எண்ணை வெளியிடுவதோடு வேலை முடிந்துவிடாது. எந்த எண்ணுக்கு எந்த நடவடிக்கை என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். இதில் அணைகளே முதன்மை. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதை அடையாற்றுக் கரை மறக்கவில்லை. முன்பே திறந்துவிட்டு மழை வராமல் போனால் கோடையில் குடிநீருக்கு யார் பதில் சொல்வது என்ற அச்சம் ஒவ்வொரு பொறியாளருக்கும் உண்டு, அது நியாயமான அச்சம். நீர்ப்பிடிப்புப் பகுதியில் 25 செ.மீ.க்கு மேல் பெய்ய இருபது சதவீத வாய்ப்பு வந்தால் இத்தனை அடி இறக்கு என்று விதியே இருந்தால், முடிவின் பாரம் நள்ளிரவில் ஒரு தனி மனிதரின் தோளில் விழாது. கலிபோர்னியாவின் மெண்டசினோ ஏரியில் கூட்டுக் கணிப்பை வைத்தே நீரைத் தேக்குவதும் விடுவதும் நடக்கிறது. பங்களாதேசத்தில் 2020 ஜூலையில் வெள்ள வாய்ப்பு முன்பே வகுத்த அளவைத் தாண்டியதும், ஜமுனா ஆறு கரை புரளும் முன்னரே ஐ.நா. அவசர நிதி விடுவிக்கப்பட்டது. அண்டை நாட்டில் நடக்கிறது என்றால் இங்கே நடக்காதது ஏன்?

கூட்டுக் கணிப்பு தோற்கும் நாட்களும் உண்டு, அதை மறைக்க நாம் விரும்பவில்லை. 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கிய ஓடிஸ், ஒரே நாளுக்குள் சாதாரண வெப்பமண்டலப் புயலிலிருந்து ஐந்தாம் வகைச் சூறாவளியானது. முக்கிய மாதிரிகள் அதை முன்கூட்டிக் காட்டவில்லை. குமரிக் கடலில் 2017இல் ஒக்கி புயல் வலுப்பெற்ற வேகமும் அப்படிப்பட்டதே. எச்சரிக்கை எட்டும் முன்பே கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. அமெரிக்காவில் போலப் புயலுக்குள் விமானம் அனுப்பி அளக்கும் வழக்கம் வங்கக்கடலில் கிடையாது. அளவுகள் குறைந்த கடலில் எல்லா மாதிரிகளும் சேர்ந்தே தவறக்கூடும். அதற்குத் தீர்வு மிதவைகளையும் ராடார்களையும் பெருக்குவது; மீனவரின் கையில் ஆழ்கடலிலும் செய்தி எட்டும் கருவியைச் சேர்ப்பது. இருக்கிற அறிவைப் பூட்டிவைப்பதற்கு மாதிரிகளின் தவறு காரணமாகாது.

இன்னொன்றும் தேவை: மதிப்பெண் பட்டியல். முப்பது சதவீதம் என்று சொன்ன நாட்களில் உண்மையிலேயே பத்துக்கு மூன்று முறை நடந்ததா என்பதை ஒவ்வொரு பருவமழை முடிவிலும் மாவட்ட வாரியாக, தமிழில் வெளியிட வேண்டும். ஒரு நாள் தவறியதற்காக முன்கணிப்பாளரைச் சிலுவையில் அறையும் வழக்கத்தை ஊடகங்களாகிய நாமும் கைவிட வேண்டும். “சரியாக எந்த ஊரில், எத்தனை மணிக்கு?” என்று மைக்கை நீட்டி ஒற்றை விடையைக் கறக்கிறவர்கள் நாம்தான். அந்தப் பிழையில் இந்த நாளிதழுக்கும் பங்கு உண்டு.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்பாகச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தனது தமிழ் அறிக்கையில் மாவட்டந்தோறும் 10, 20, 40 செ.மீ.யைத் தாண்டுவதற்கான சதவீதங்களை வெளியிடத் தொடங்க வேண்டும். தமிழக அரசு, எந்தச் சதவீதத்தில் எந்த அணை, எந்த முகாம், எந்தத் துறைமுகம் என்பதை அரசாணையாகவே பிறப்பிக்க வேண்டும். சாத்தனூரிலிருந்தும் செம்பரம்பாக்கத்திலிருந்தும் அதைத் தொடங்கட்டும்.