சிந்தினால்தான் நல்லது

சொந்தமாகத் தோட்டா அடைக்கும்போது வேகமாக எரியும் வெடிமருந்தைக் கொஞ்சம் போட்டாலே மேக்னம் ரிவால்வர் தோட்டாவுக்குப் போதும், காசும் மிச்சம் என்கிறார் பாட்டனி டவுன்ஸ் நண்பர். என்ன மிச்சம்? புல்ஸ்ஐ மாதிரி வேக மருந்து .357 தோட்டாக் கூட்டின் அடியில்தான் கிடக்கும். கை மறந்து மறுபடி கொட்டினாலும் வழியாது. மெதுவாக எரியும் 2400 என்ற மருந்து கூட்டில் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். இரட்டித்தால் மேசையில் சிந்திக் காட்டிக்கொடுக்கும். குழல் நெடுகக் குண்டைத் தள்ளுவதும் அதுதான். துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் .44-க்கு அதைப் பிடித்துக்கொண்டது சும்மா இல்லை.

'அளவைக் குறைத்தால் பத்திரம்' என்பது இன்னும் மோசம். மெதுவாக எரியும் இன்னொரு மருந்தான எச்-110-ஐக் கையேட்டு அளவுக்குக் கீழே குறைத்தால் சரியாகப் பற்றாது. குண்டு குழலிலேயே சிக்கலாம். அடுத்த சூட்டில் குழல் பிதுங்கும். நியூசிலாந்தில் கைத்துப்பாக்கி சுடுவது கிளப் களத்தில். பக்கத்தில் நிற்பவரிடம் இந்தச் சிக்கனக் கணக்கை நண்பர் சொல்லிப் பார்க்கட்டும்.